வானத்தில் மிதக்கும் வள்ளத்துக்கு நிழல் எங்கே விழும்?

வாசகர் கேள்வி பதில்

பல புகைப்படங்களிலிருந்து துண்டுகளை எடுத்துக் கணினியில் ஒன்றாக்கி, கண்ணால் காண முடியாத காட்சியை உருவாக்கும் கனவுப் படங்கள் பற்றியும், அவற்றை அச்சிட்டுக் கண்காட்சி வைப்பது பற்றியும் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே எங்கள் ஊர் வள்ளம் (மீன்பிடிப் படகு) ஒன்று வானத்தில் மிதப்பதுபோல் படம் செய்தேன். விளிம்பைச் சுத்தமாகத்தான் வெட்டியிருக்கிறேன். ஆனாலும் பார்க்கிறவர்கள் எல்லாரும் "ஒட்டுப்போட்டது தெரியுதே" என்கிறார்கள். எங்கே தப்பு?
– வாசகர், குளச்சல்

விளிம்பில் தப்பில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் மூன்று இடம் உதைக்கிறது: பார்க்கும் கோணம், அடிப்பக்கத்து வெளிச்சம், நிழல். வள்ளம் பறப்பதை யாரும் குறை சொல்லமாட்டார்கள், கனவில் அது நடக்கும். ஆனால் சூரியன் ஒன்றுதான், அது ஒரு பக்கத்தில்தான் நிற்கிறது என்பதைக் கண் ஒருபோதும் விட்டுக்கொடுக்காது.

முதலில் கோணம். மணலில் கிடக்கும் வள்ளத்தை நின்ற உயரத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள். அதனால் உள்ளே கிடக்கும் வலையும் குறுக்குப் பலகையும் தெரிகின்றன. தலைக்கு மேலே மிதக்கும் வள்ளத்தின் உள்பக்கம் கீழே நிற்பவருக்குத் தெரியாது, அடிவயிறுதான் தெரியும். கரை மேட்டில் ஏற்றி வைத்திருக்கும் வள்ளமாகப் பார்த்து, நீங்கள் சரிவில் இறங்கி அலை தொடும் இடத்தருகே நின்று எடுங்கள். வர்ணம் அடிப்பதற்காகக் கட்டைமேல் தூக்கி வைத்திருக்கும் நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. 12 மீட்டர் தள்ளி நின்று, கேமரா வள்ளத்தின் அடியைவிட 1 மீட்டர் தாழ்ந்திருந்தால் சுமார் 5 டிகிரி மேல்நோக்கிய கோணம் கிடைக்கும். அதே 5 டிகிரியை முப்பந்தல் படத்திலும் காப்பாற்ற வேண்டும். ஃபுல் பிரேம் கேமரா, 50 மி.மீ. லென்ஸ், 6000 பிக்சல் அகலம் என்றால், அடிவானக் கோட்டுக்கு ஏறத்தாழ 730 பிக்சல் மேலே வள்ளத்தின் அடி வர வேண்டும். மலை மறைப்பதால் அங்கே அடிவானம் தெரியாதே என்று கேட்பீர்கள். கேமராவை மட்டம் பார்த்து நிறுத்தி எடுத்திருந்தால் படத்தின் சரிபாதிக் கோடுதான் அடிவானம். வள்ளத்தை இன்னும் உயரத்தில் ஏற்ற ஆசையிருந்தால் இன்னும் தாழ்வான இடத்திலிருந்து அதை மறுபடி எடுக்கத்தான் வேண்டும். இழுத்து வளைத்து அதைச் சரிக்கட்ட முடியாது.

வள்ளத்தைப் பக்கவாட்டில் எடுப்பது நல்லது. முனை கேமராவைப் பார்த்து நீண்டிருந்தால், அருகில் நின்று எடுத்தது என்பதை அந்த நீட்டமே காட்டிக்கொடுத்துவிடும். தூரத்தில் மிதக்கும் வள்ளத்துக்கு அத்தனை நீட்டம் வராது.

அடுத்தது அடிவயிறு. மணலில் இருந்தபோது மணலிலிருந்து தெறித்த மஞ்சள் வெளிச்சம் பலகையின் கீழ்ப்பாதியில் ஏறியிருக்கிறது. உங்கள் படத்திலோ கீழே பச்சை வயல். வள்ளத்தின் லேயருக்கு (படத்தின் ஓர் அடுக்கு) மேல் புதிய லேயர் ஒன்றை, அது வள்ளத்தின்மேல் மட்டும் படும்படி கிளிப் செய்து, வயலிலிருந்தே நிறத்தை எடுத்து, கலர் மோடில் 15 முதல் 25 சதவீதம்வரை, வள்ளத்தின் கீழ் மூன்றிலொரு பாகத்தில் மட்டும் மென்மையான பிரஷ்ஷால் தடவுங்கள். படத்தைப் பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது, ஆனால் வள்ளம் அந்த இடத்தில் வந்து நின்றுவிடும். இந்த ஒரு வேலையை நம்மவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அதுதான் எங்களுக்கு வருத்தம்.

நிழல் உங்கள் படத்தில் இல்லவே இல்லை. மார்ச், செப்டம்பர் மாதங்களில் மாலை நாலே காலிலிருந்து நாலரைக்குள் நம் மாவட்டத்தில் சூரியன் சுமார் 30 டிகிரி உயரத்தில் இருக்கும். அந்த வெளிச்சத்தில் தரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் வள்ளம் மிதந்தால், நிழல் அதன் நேர் கீழே விழாது. சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக ஏறத்தாழ 8.7 மீட்டர் தள்ளி விழும். நிழலின் விளிம்பும் கூர்மையாக இருக்காது. சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் அரை டிகிரி அகலமுள்ள வட்டமாக இருப்பதால், நிழல் விழும் தூரத்தில் சுமார் 108-ல் ஒரு பங்கு அகலத்துக்கு விளிம்பு மங்கும். இங்கே ஒளி வரும் சாய்வில் தூரம் 10 மீட்டர், ஆகவே மங்கல் 9 செ.மீ. வள்ளம் 40 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்தால் மேலே சொன்ன லென்ஸில் அது 19 பிக்சல் வரும். எனவே விளிம்பை மங்கலாக்கும் காஷியன் பிளர் 8 முதல் 10 வரை போதும். நிழலைக் கறுப்பால் நிரப்பாதீர்கள். வெயில் நிழலுக்குள் வானத்தின் நீலம்தான் விழுகிறது. அடர்ந்த நீலச் சாம்பல் நிறத்தை, கீழுள்ள படத்தை இருட்டாக்கிக் கலக்கும் மல்டிப்ளை மோடில் 50 முதல் 60 சதவீதம்வரை வையுங்கள்.

வெளிச்சம் எதிர்ப்பக்கம் இருக்கிறதே என்று வள்ளத்தைக் கண்ணாடிபோல் இடவலமாகத் திருப்பியிருக்கிறீர்கள். முனையில் எழுதிய புனிதரின் பெயரும் பதிவு எண்ணும் இடவலம் மாறிய எழுத்தாக நிற்கின்றன. குளச்சலில் படத்தை வைத்தால் முதலில் வருகிற ஆளே அதைச் சொல்லிவிடுவார். திருப்பாமல், வெளிச்சம் சரியாக வரும் நேரத்தில் மறுபடி எடுங்கள்.

நான் கல்லூரி மாணவி. என்னிடம் செல்போன் மட்டும்தான் இருக்கிறது, போட்டோஷாப் வாங்க வசதியில்லை. கண்காட்சியில் வைக்கும் அளவுக்குப் படம் செய்ய முடியுமா?
– வாசகி, மார்த்தாண்டம்

தாராளமாக முடியும். போனின் பிரதான கேமரா 12 மெகாபிக்சல் தந்தால் படம் 4000 × 3000 பிக்சல் இருக்கும். அங்குலத்துக்கு 200 பிக்சல் கணக்கில் 20 × 15 அங்குலம்வரை நன்றாக அச்சாகும். கைநீட்டும் தூரத்தில் நின்று பார்க்க அது போதும்.

பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள். அல்ட்ரா வைட் கேமராவில் துண்டுகளை எடுக்காதீர்கள். ஓரங்கள் இழுபட்டு மற்றப் படங்களோடு பொருந்தாமல் போகும். புரோ மோடு இருந்தால் ஒரு படத்துக்கான துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே ஒயிட் பேலன்ஸில், முடிந்தவரை ஒரே ஐஎஸ்ஓவில் எடுங்கள். ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலப் பதிவாக) சேமிக்கும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். சாதாரணப் படத்தில் போன் தானாகவே கூர்மையை ஏற்றிவிடுவதால் தென்னோலையின் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும், பிறகு எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் அது போகாது. மென்பொருளுக்கு கிம்ப், கிரிட்டா இரண்டும் இலவசம். உலாவியிலேயே ஓடும் போட்டோபீயில் லேயர், வேண்டாத பகுதியை மறைக்கும் மாஸ்க் எல்லாம் உண்டு. தோழிகளுக்குப் படம் அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். அச்சுக்குக் கொடுக்கும்போதும் அப்படித்தான்.

தென்னோலையை வெட்ட ஒரு வழி சொல்கிறோம். வெளுத்த மேகத்துக்கு எதிரே ஓலை கறுப்பாகத் தெரியும்படி எடுத்துவிட்டு, அந்த லேயரை மல்டிப்ளை மோடில் வையுங்கள். வெள்ளை தானே மறைந்துவிடும், ஓலை மட்டும் நிற்கும். ஒரு கீற்றைக்கூட வெட்ட வேண்டாம்.

இரண்டு படமும் நடுப்பகலில், ஒரே கடற்கரையில், வடக்கைப் பார்த்து எடுத்தவை. ஒன்று ஜூன் மாதம், மற்றது டிசம்பர். சேர்த்தால் ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஏன்?
– வாசகர், மணவாளக்குறிச்சி

நம் மாவட்டத்தின் தென்முனை வட அட்சரேகை 8 டிகிரியில் இருக்கிறது. சூரியன் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் முடிவிலும் நம் தலைக்கு நேர் மேலே வரும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிவெயில் வடக்கிலிருந்து விழுகிறது. ஜூன் 21 அன்று உச்சியில் சூரியன் வடக்குப் பக்கம் சுமார் 75 டிகிரி உயரத்திலும், டிசம்பர் 21 அன்று தெற்குப் பக்கம் சுமார் 58 டிகிரியிலும் நிற்கும். 1 மீட்டர் கம்பை நட்டால் ஜூனில் 27 செ.மீ. நிழல் தெற்கே விழும், டிசம்பரில் 61 செ.மீ. நிழல் வடக்கே விழும். ஆக, உங்கள் ஒரு படத்தில் ஆள் எதிர்வெயிலில் நிற்கிறார், மற்றதில் படமெடுக்கும் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வெயில். ஒட்டாததில் வியப்பில்லை.

இதைக் கணினியில் திருத்தப் போராடாதீர்கள். துண்டுகளைத் தென்மேற்குப் பருவமழை மாதங்களில், மேகம் மூடிய வானத்தில் எடுத்துச் சேமித்து வையுங்கள். நிழல் திசையே இல்லாத அந்த வெளிச்சத்தில் எடுத்தது எந்தப் பின்னணியோடும் சேரும். வேண்டிய வெயிலை நீங்களே பிறகு வரைந்துகொள்ளலாம். ஜூன், ஜூலையில் கேமராவைப் பெட்டியில் பூட்டி வைக்கும் வழக்கத்தை இந்தக் கலைக்காரர்கள் விட வேண்டும்.

உங்கள் ஊர்க் கடற்கரையில் கறுமணல் படிந்த இடமும் வெளிறிய மணலும் அடுத்தடுத்து உண்டு. கறுமணல்மேல் நிற்பவரின் தாடைக்குக் கீழ் வெளிச்சம் குறையும், வெளிறிய மணலில் நிறையும். ஒரு படத்துக்கு ஒரு மணல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இந்தப் படங்களைப் புகைப்படம் என்று சொல்லலாமா? நடக்காததை நடந்ததாகக் காட்டுவது ஏமாற்று இல்லையா?
– வாசகர், தக்கலை

ஐயா, கணினி வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்த வேலை தொடங்கிவிட்டது. 1857-ல் இங்கிலாந்தில் வாழ்ந்த ஆஸ்கர் ரேலாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார். அடுத்த ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களால் ஒரு படம் செய்தார். அமெரிக்காவின் ஜெரி யூல்ஸ்மன் ஒரே இருட்டறையில், நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜர்கள் பலவற்றை வரிசையாக நிறுத்தி, ஒரே தாளை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்த்தி, வானத்தில் மரம் மிதக்கும் படங்களை அச்சிட்டார். 2022-ல் அவர் காலமாகும்வரை அவருடைய அடையாளம் அந்த முறைதான். போட்டோஷாப் வெளியானது 1990-ல். லேயர் வசதி அதில் வந்தது 1994-ல். நம் நாட்டில் விவான் சுந்தரம் 2001-லிருந்து, தம் தாத்தா உம்ராவ் சிங் ஷெர்-கில் எடுத்த குடும்பப் படங்களைக் கணினியில் சேர்த்து, காலங்களைக் கலந்த ஒரு படவரிசையே செய்தார். நம் ஊர் ஸ்டூடியோக்களில் லென்ஸின் பாதியை மறைத்து ஒரே ஆளை இரண்டு பேராக எடுத்த இரட்டைப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஏமாற்று என்பது படத்தில் இல்லை, அதன் அடியில் எழுதும் வாசகத்தில் இருக்கிறது. செய்தி என்றோ, இயற்கைப் படம் என்றோ சொல்லி இதைக் காட்டினால் அது தவறுதான். போட்டிகளில் இயற்கைப் பிரிவில் இப்படிச் சேர்த்த படங்களை ஏற்கமாட்டார்கள், அது நியாயமும்கூட. கண்காட்சியில் ஒவ்வொரு படத்தின் சீட்டிலும் "4 புகைப்படங்களின் சேர்க்கை" என்று எழுதிவிட்டால் யாருக்கும் மனக்குறை இராது. ஒரு படத்துக்குப் பக்கத்திலாவது அதன் மூலத்துண்டுகளைச் சிறிய அளவில் அச்சிட்டு ஒட்டச் சொல்வோம். மக்கள் அங்கேதான் அதிக நேரம் நிற்பார்கள்.

மாத்தூர் தொட்டிப் பாலத்துக்கு (ஆற்றுக்கு மேலே கால்வாய் நீரைக் கொண்டுபோகும் பாலம்) கீழே பெரிய ஏரி இருப்பதுபோல், பாலத்தைத் தலைகீழாக்கிப் பிரதிபலிப்பு வைத்தேன். நன்றாக இருக்கிறது, ஆனால் ஏதோ இடிக்கிறது.
– வாசகர், திருவட்டாறு

இடிப்பது சரிதான். எடுத்த படத்தையே தலைகீழாக்கினால் அது பிரதிபலிப்பு ஆகாது. தண்ணீருக்கு மேலே நீங்கள் எவ்வளவு உயரத்தில் நிற்கிறீர்களோ, தண்ணீருக்குக் கீழே அதே ஆழத்தில் ஒரு கேமரா இருந்தால் அதற்கு என்ன தெரியுமோ அதைத்தான் தண்ணீர் காட்டும். மேலேயிருந்து பார்க்கும்போது தொட்டியின் மேல்விளிம்பும் நடைபாதையும் தெரியும். தண்ணீரில் தெரிய வேண்டியது தொட்டியின் அடிப்பக்கமும் தூண்கள் மேலேறிச் சேரும் இடமும். தூரத்து மலைக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது. 115 அடி உயரத்தில் பக்கத்தில் நிற்கும் பாலத்துக்கு நன்றாகவே தெரியும்.

செய்ய வேண்டியது இதுதான். கற்பனைத் தண்ணீர் மட்டம் நீங்கள் நின்ற இடத்துக்கு 10 மீட்டர் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் பிரதிபலிப்பின் கண் 20 மீட்டர் கீழே இருக்கிறது. படிக்கட்டு வழியாக ஆற்றுப் பக்கம் இறங்கி, முதல் இடத்துக்குக் கூடுமானவரை நேர் கீழாக, அதே லென்ஸில், கேமராவை மட்டமாக வைத்து இரண்டாவது படம் எடுங்கள். அதைத் தலைகீழாக்குங்கள். தூண்கள் மேல் படத்தின் தூண்களோடு தண்ணீர்க் கோட்டில் சந்திக்கும்படி நகர்த்துங்கள். பிறகு அலைக்காகச் செங்குத்துவாக்கில் மட்டும் மோஷன் பிளர் கொடுங்கள். கிடைவாக்கில் கொடுத்தால் தண்ணீர் ஓடுகிற கண்ணாடித் தாள்போலாகிவிடும்.

இன்னொன்று, பிரதிபலிப்பு முழுவதும் ஒரே பளிச்சாக இருக்கக் கூடாது. தண்ணீரை நேர் கீழாகப் பார்த்தால் அது திருப்பி அனுப்பும் ஒளி 2 சதவீதம்தான். சரிந்த கோணத்தில் பார்க்கப் பார்க்க அது பலமடங்காகும். ஆகவே படத்தின் கீழ் ஓரத்தை நோக்கி வரவரப் பிரதிபலிப்பு மங்கி, தண்ணீரின் சொந்த நிறம் மேலோங்க வேண்டும். கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகும் கிரேடியன்ட் மாஸ்க் ஒன்று போதும்.

திருவள்ளுவர் சிலையைச் சுற்றி ஒரு ஆள்கூட இல்லாத படம் வேண்டும். எந்த நாளும் கூட்டம்.
– வாசகி, கன்னியாகுமரி

ஸ்டாண்டில் கேமராவைப் பூட்டி, மேனுவல் எக்ஸ்போஷரில், 15 வினாடிக்கு ஒன்றாக 20 படம் எடுங்கள். ஐந்து நிமிட வேலை. போட்டோஷாப்பில் 'லோட் ஃபைல்ஸ் இன்டு ஸ்டேக்' வழியாக ஏற்றி, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கி, ஸ்டேக் மோடில் மீடியன் என்று கொடுங்கள். கிம்ப் வைத்திருப்பவர்கள் ஜிமிக் என்னும் கூட்டுநிரலில் மீடியன் பிளெண்டைப் பயன்படுத்தலாம். பாதிக்கும் மேற்பட்ட படங்களில் எது மாறாமல் இருக்கிறதோ அது மட்டும் மிஞ்சும், நடமாடுகிறவர்கள் எல்லாரும் மறைந்துபோவார்கள். பாறை ஓரத்தில் அசையாமல் செல்பி எடுத்துக்கொண்டிருப்பவர் மட்டும் மிஞ்சுவார். அவரைக் கையால் அழிக்க வேண்டியதுதான்.

சூரிய உதய நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். ஐந்து நிமிடத்தில் வெளிச்சம் மாறிவிடும். கடலும் இந்த முறையில் அலையிழந்து பால்போலாகும், கனவுப் படத்துக்கு அது பிடித்தமானதே. வேண்டாமென்றால் மீடியன் படத்தைச் சிலைக்கும் பாறைக்கும் மட்டும் மாஸ்க் செய்து, அலையை ஒற்றைப் படத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். 1 ஜனவரி 2000 அன்று திறந்த 133 அடிச் சிலையும், அதை விவேகானந்தர் பாறையோடு இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலமும் ஒரே சட்டத்தில் வரும்படி கரையிலிருந்து எடுப்பது அளவு ஒப்பீட்டுக்கு நல்லது. ஒன்றின் அளவை மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டாலே படம் கனவாகிவிடும்.

வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது.
– வாசகர், இரணியல்

8 பிட்டில் வேலை செய்கிறீர்கள். ஒரு நிறத்துக்கு 256 படிதான் அதில் உண்டு. நீண்ட வானத்தை இழுத்து இழுத்துத் திருத்தினால் படி தெரியும். ரா கோப்பிலிருந்தே 16 பிட்டில் தொடங்குங்கள். முடிவில் வானத்தின்மேல் 1 அல்லது 2 சதவீதம் நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) சேர்த்தால் அச்சில் கோடு மறையும். வேறு வேறு கேமராவில் எடுத்த துண்டுகளில் தெரியும் புள்ளி மணியும் (கிரெயின்) இதனாலேயே ஒன்றுபோலாகும்.

ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கணினியில் ஆழ்ந்த நீலமாக இருக்கும் கடல், அச்சில் ஊதாவாகவும் இருண்டும் வருகிறது. லேபைக் கேட்டால் "உங்கள் கோப்பு அப்படி" என்கிறார்கள்.
– வாசகர், நாகர்கோவில்

இரண்டு தனித்தனிக் கோளாறு. இருண்டு வருவது உங்கள் திரையால். கடை வெளிச்சத்துக்காகத் திரையை முழுப் பிரகாசத்தில் வைத்திருப்பீர்கள். அச்சு வேலைக்குத் திரையின் பிரகாசம் 80 முதல் 120 நிட்டுக்குள் (நிட் என்பது பிரகாச அலகு) இருக்க வேண்டும். அளவுகோல் கருவி இல்லையென்றால் ஒரு வழி உண்டு. வெள்ளைத் தாளை அறை வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளை அந்தத் தாளைப்போலத் தெரியும்வரை பிரகாசத்தைக் குறையுங்கள்.

ஊதா ஆவது நிற எல்லையால். திரை காட்டும் பளிச் நீலம் சிலவற்றை மையால் தர முடியாது, அச்சுப்பொறி பக்கத்து நிறத்துக்குத் தள்ளிவிடும். லேபிடம் அந்தத் தாளுக்கான ஐசிசி புரொஃபைலை (தாளில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) கேட்டு வாங்கி, அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் சாஃப்ட் புரூஃப் போட்டுப் பாருங்கள். நீலத்தின் செறிவை மட்டும் குறைத்து, சாயலைப் பச்சைப் பக்கம் சற்றே நகர்த்துங்கள். புரொஃபைல் தராத லேப் என்றால், எல்லாரும் பயன்படுத்தும் எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் கொடுங்கள். அடோபி ஆர்ஜிபியில் கொடுத்து அவர்கள் கவனிக்காமல் விட்டால் படமே வெளுத்துப்போகும்.

பெரிய அச்சுக்கு முன் சோதனை அச்சு கட்டாயம். முழுப் படத்தைச் சுருக்கிப் போடாதீர்கள். 24 × 36 அங்குலப் படத்திலிருந்து முகம், நிழல், வானம் மூன்றும் வரும் துண்டை மட்டும் அசல் அளவிலேயே 8 × 12 தாளில் போட்டுப் பாருங்கள். அளவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். 24 மெகாபிக்சல் படத்தை 36 அங்குல அகலத்துக்கு அச்சிட்டால் அங்குலத்துக்கு 166 பிக்சல் வரும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு இது தாங்கும். 300 கேட்டு யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம். பிளெக்ஸில் மட்டும் அச்சிடாதீர்கள். நிழலின் நுணுக்கம் முழுக்க அதில் செத்துவிடும்.

எங்கள் இளைஞர் மன்றம் சார்பில் பங்கு மண்டபத்தில் மூன்று நாள் கண்காட்சி வைக்கிறோம். 40 அடிச் சுவர் இரண்டு, மேலே டியூப் லைட். எத்தனை படம் வைக்கலாம், எப்படித் தொங்கவிடுவது?
– வாசகர்கள், முட்டம்

24 × 36 அங்குலப் படத்தைக் குறுக்காக, நான்கு பக்கமும் 4 அங்குல மவுன்ட் (படத்தைச் சுற்றிய அட்டை ஓரம்) வைத்துச் சட்டமிட்டால் அகலம் 44 அங்குலம். இடைவெளி 16 அங்குலம். ஒரு படத்துக்கு 5 அடி என்றால் ஒரு சுவருக்கு 8, மொத்தம் 16 படம். உங்களிடம் 30 படம் இருந்தாலும் 16-ஐத் தேர்ந்தெடுங்கள். கனவுப் படங்கள் நெருக்கமாகத் தொங்கினால் ஒன்றையொன்று தின்றுவிடும். தரையிலிருந்து படத்தின் நடுப்பகுதி 58 அங்குலத்தில் வரட்டும். மேல்விளிம்பை ஒரே கோட்டில் வைக்காமல் நடுப்பகுதியை ஒரே கோட்டில் வையுங்கள்.

டியூப் லைட் கண்ணாடியில் வெள்ளைக் கோடாக விழும். மூன்று நாள்தானே, கண்ணாடி இல்லாமலே வைத்து, முன்னால் ஒரு கயிறு கட்டுங்கள். டியூபை அணைத்துவிட்டு, சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90-க்கு மேலுள்ள எல்இடி ஸ்பாட்களைச் செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் படத்தின்மேல் விழும்படி பொருத்துங்கள். எல்லாம் ஒரே நிறவெப்பமாக இருக்க வேண்டும், 4000 கெல்வின் என்றால் எல்லாமே 4000. ஒன்று மஞ்சளும் ஒன்று வெள்ளையுமாக இருந்தால் நாகர்கோவில் வாசகர் பட்ட பாடெல்லாம் வீண். மேற்குச் சன்னலுக்குத் திரை போடுங்கள், சாய்ங்கால வெயில் நேரே சுவரில் அடிக்கும்.

உங்கள் ஊரில் பெரிய எதிரி ஈரமும் உப்புக் காற்றும். தெர்மோகோல், மெல்லிய ஃபோம் போர்டு இரண்டும் ஓரிரவில் வளையும். 5 மி.மீ. சன்போர்டு (பிவிசி பலகை) தாங்கும். அச்சை மவுன்டில் முழுக்கப் பசை தடவி ஒட்டாதீர்கள். மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு காகித நாடாவால் தொங்கவிட்டால், ஈரத்தில் தாள் விரிந்தாலும் அலையாது. கொக்கி, திருகு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று போகும்.

பாட்டியின் கல்யாணப் படத்தைக் கனவுப் படத்தில் சேர்க்க ஆசை. படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கிறது. எடுத்த ஸ்டூடியோ இப்போது இல்லை. உரிமைப் பிரச்சினை வருமா?
– வாசகி, குழித்துறை

பிய்க்காதீர்கள். ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியில் பிடித்திருக்கிறது. இழுத்தால் முகம்தான் முதலில் உரிந்து வரும். கண்ணாடியோடு சேர்த்தே படமெடுங்கள். படத்தை மேசையில் கிடத்தி, கேமராவை நேர் மேலே வைத்து, இரு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வையுங்கள். கேமராவின் பிரதிபலிப்பு விழாமலிருக்க, கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு மாட்டுங்கள். ஒட்டாத படமென்றால் ஸ்கேனரில் 600 டிபிஐ. 4 × 6 அங்குலப் படம் 2400 × 3600 பிக்சல் தரும், 12 × 18 அச்சுக்குப் போதும். பூஞ்சை இருந்தால் முகக்கவசம் அணிந்து, நன்றாக உலர்ந்த பிறகே மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது.

உரிமையைப் பொறுத்தவரை 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே அது உங்கள் குடும்பத்துச் சொத்து. இணையத்தில் கிடைத்த பிறர் படங்களுக்கு இது பொருந்தாது, அங்கே அனுமதி வேண்டும். சித்தப்பா, அத்தை வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பாட்டி அவர்களுக்கும் அம்மா அல்லவா?

ஏ.ஐ.யில் நாலு வார்த்தை தட்டினாலே இதுபோலப் படம் வருகிறதே. அதையும் வைக்கலாமா?
– வாசகர், அருமனை

அதே வரிசையில் வைக்கமாட்டோம். சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பான ஃபியாப் நடத்தும் போட்டிகளிலும் படத்தின் எல்லாப் பகுதிகளும் அனுப்புகிறவரே எடுத்ததாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. தனிச் சுவர், தனிச் சீட்டு என்றால் வைக்கலாம். 1024 பிக்சல் சதுரப் படத்தை 24 அங்குலத்துக்கு அச்சிட்டால் அங்குலத்துக்கு 43 பிக்சல்கூட வராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கண்காட்சி முடிந்த பிறகு அச்சுகளை எப்படிப் பாதுகாப்பது? போன தடவை வைத்தவை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின.
– வாசகர், தேங்காய்ப்பட்டணம்

சுருட்டி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருப்பீர்கள். உள்ளே சிக்கிய ஈரம் வெளியே போக வழியில்லை. அச்சுகளைத் தட்டையாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே அமிலமில்லாத மெல்லிய தாள் வைத்து அடுக்கி, அட்டைப் பெட்டியில் வையுங்கள். தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம், உள்ளறை அலமாரியின் நடுத்தட்டு நல்லது. மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை இரண்டு போடுங்கள். நீல மணி இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். மணிகளைத் தட்டில் பரப்பி, சமையலுக்குப் பயன்படுத்தாத அவனில் 110 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி நீலமாகும். ஆறிய பிறகு பையில் போட்டு, உடனே பெட்டிக்குள் வைத்து மூடிவிடுங்கள்.